மெக்கன்சி முகத்துவாரத்தில் கரையொதுங்கும் காடு

டுக்டோயாக்டுக் கடற்கரையில் வண்டியை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டவை மரங்கள். பட்டை உரிந்து, உப்புக் காற்றில் வெளிறி, வேர்முடிச்சு இன்னும் கழன்றுவிடாத ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள் கரை நெடுகிலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. இத்தனைக்கும் அந்த ஊரைச் சுற்றி ஆளுயர மரம் ஒன்றுகூடக் கிடையாது. கனடாவின் வடமேற்கு மூலையில், ஆர்க்டிக் பெருங்கடலின் ஒரு பகுதியான பியூஃபோர்ட் கடலின் விளிம்பில் இருக்கும் அந்தச் சிற்றூர், மரங்கள் வளரும் எல்லையைத் தாண்டி, பாசியும் புல்லும் குத்துச்செடியும் மட்டுமே வளரும் தூந்திரத்தில் அமைந்திருக்கிறது. அங்கே கிடந்த மரங்கள் தெற்கே எங்கோ ஓர் ஆற்றங்கரையில் நின்றவை. கரை இடிந்தபோது சரிந்து, மெக்கன்சி ஆற்றில் மிதந்து, கடல் வரை வந்து சேர்ந்தவை. அந்த ஆறு நிலத்திலிருந்து எதையெல்லாம் வாரிக்கொண்டு போகிறது, அது கடலில் கலக்கும் இடத்தில் என்ன ஆகிறது என்பதைப் பார்ப்பதற்காகவே நான் ஜூலை மாதத் தொடக்கத்தில் இந்தப் பயணத்தைக் கிளம்பினேன்.

மூன்று நாள்களுக்கு முன், யெல்லோநைஃபிலிருந்து இனுவிக் செல்லும் விமானத்தின் சன்னலோர இருக்கை கிடைத்தது. இறங்குவதற்குச் சற்று முன்பு கீழே தெரிந்த காட்சியை நிலம் என்பதா நீர் என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. ஏறத்தாழ 13,000 சதுர கிலோமீட்டர் பரந்த டெல்டாவில் 45,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. கிளை கிளையாகப் பிரிந்து வளைந்தோடும் கால்வாய்களில் ஓடியது காப்பி நிறத் தண்ணீர். ஆற்றோடு தொடர்புள்ள ஏரிகள் அதே நிறத்தில் கலங்கியிருக்க, மேட்டில் இருப்பவை கறுத்துத் தெளிந்திருந்தன. வெள்ளம் எந்த ஏரி வரை ஏறியது என்பதை நிறத்தைக் கொண்டே வரைபடமாக வரைந்துவிடலாம் போலிருந்தது. கிரேட் ஸ்லேவ் ஏரியிலிருந்து கடல் வரை 1,738 கிலோமீட்டர் ஓடிவரும் மெக்கன்சி, சுமார் 18 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தின் நீரை வடித்து வருகிறது. ஆர்க்டிக் பெருங்கடலில் கலக்கும் ஆறுகளில் மிக அதிகமாக வண்டல் கொண்டுவருவது இதுவே. ஆண்டுக்கு 12 கோடி டன்னுக்கும் மேல்.

இனுவிக்கில் ஆற்றின் கிழக்குக் கிளையோரம் ஆராய்ச்சி மாணவி ஒருவர் நீர் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார். நான் அருகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்ததைக் கவனித்து, கையுறை ஒன்றைக் கொடுத்துப் புட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கலங்கிய நீரை ஒரு குவளையில் ஊற்றி, கைப்பம்பினால் இழுத்து, வெள்ளை வட்டமான கண்ணாடியிழை வடிதாள் வழியே வடித்தார். அந்தத் தாளின் துளைகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் சிறியவை. இரண்டு குவளை நீர் இறங்குவதற்குள் தாள் அடைத்துக்கொண்டது. அதன்மேல் மெழுகு தடவியதுபோல் வழவழப்பான சாம்பல் பழுப்புப் படலம். கீழே புட்டியில் இறங்கிய நீரோ, சேறு துளியும் இல்லாமல் கண்ணாடிபோல் தெளிந்திருந்தும், வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்தபோது தெளிவான மஞ்சள் நிறம் காட்டியது. நீர்த்த தேநீரின் நிறம் அது. மாணவி அதில் சில துளி அமிலம் விட்டு, வெளிச்சம் படாமல் குளிர்பெட்டிக்குள் வைத்தார். அமிலம் விடாவிட்டால் பாக்டீரியாக்கள் அதைத் தின்னத் தொடங்கிவிடும், வெளிச்சம் பட்டால் நிறமே மாறிவிடும் என்றார். கடலில் நடக்கும் இரண்டு பெரிய காரியங்களை அந்த இரண்டு வாக்கியங்களிலேயே அவர் சொல்லிவிட்டார் என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.

தாளில் தங்கியது துகள் கரிமம், அதாவது துகள் வடிவிலான கார்பன். தாளைக் கடந்தது கரைந்த கரிமம். இலை, வேர், பாசி, மட்கு என ஒரு காலத்தில் உயிரோடிருந்தவை மண்ணோடும் நீரோடும் இந்த இரு வடிவங்களில் கடலுக்குப் பயணப்படுகின்றன. சைபீரியாவின் லேனா போன்ற பெரிய ஆறுகளில் கரைந்த கரிமமே பெரும்பங்கு வகிக்கிறது. மெக்கன்சி இதற்கு மாறானது. மேற்கே உள்ள மலைகளிலிருந்து லியார்ட், பீல் போன்ற துணையாறுகள் வண்டலை வாரிக் கொட்டுவதால் இங்கே துகள் கரிமம் விஞ்சி நிற்கிறது. அதன் வயதுதான் என்னைத் திகைக்க வைத்தது. பாறையிலிருந்து வந்த மிகப் பழைய கரிமத்தைக் கழித்துவிட்டு, தாவரங்களிலிருந்தும் மண்ணிலிருந்தும் வந்த பங்கை மட்டும் கதிர்க்கரிம முறையில் அளந்தவர்கள், அதன் சராசரி வயது சுமார் 5,800 ஆண்டுகள் என்று 2015-இல் வெளியிட்டார்கள். நிலத்தடியில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் உறைமண்ணில், மட்கவும் வழியில்லாமல் அடைபட்டிருந்த வேரும் இலையும், கரை இடியும்போதும் சரிவுகள் உருகிச் சரியும்போதும் ஆற்றில் வந்து விழுகின்றன. தாளில் ஒட்டியிருந்த அந்தப் படலத்தை மறுபடி ஒருமுறை பார்க்கத் தோன்றியது. நேற்று உதிர்ந்த வில்லோ இலையின் தூளும், மனிதர் எழுதக் கற்பதற்கு முன்பே புதைந்த பாசியின் தூளும் அதில் பக்கம் பக்கமாக இருந்திருக்க வேண்டும்.

இனுவிக்கிலிருந்து டுக்டோயாக்டுக் வரை 138 கிலோமீட்டர் கப்பிச் சாலை. 2017 நவம்பரில் திறக்கப்பட்ட இதைப் போடும்போது உறைமண்ணை வெட்டாமல், குளிர்காலத்தில் அதன்மேலேயே மண்ணைக் கொட்டி உயர்த்தினார்கள். வெட்டினால் அடியிலுள்ள பனி உருகிச் சாலையே அமிழ்ந்துவிடும். அரை வழியில் ஓர் ஓடையருகே நிறுத்தினேன். அதில் சேறு அறவே இல்லை, ஆனால் நீர் பால் சேர்க்காத கடுந்தேநீர்போல் இருந்தது. குழித்த உள்ளங்கையில் அள்ளினால் ரேகைகள் பொன்னிறமாகத் தெரிந்தன. ஆற்றிலோ இந்த நிறம் வண்டலுக்குள் மறைந்திருக்கிறது.

டுக்டோயாக்டுக்கில் என்னைத் தங்க வைத்தவர், அந்தக் கடலோரத்தின் பூர்வகுடியான இனுவியாலுயிட் இனத்து மூதாட்டி, கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் நாள் மாலை மேற்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. குக்மல்லிட் விரிகுடாவின் நீர் கரையின் மேல்விளிம்பு வரை ஏறி, பழுப்பு நுரையோடு மரங்களை அசைத்துக்கொண்டிருந்தது. விரலில் தொட்டு நாவில் வைத்தேன். கடல் என்று சொல்லத்தக்க உப்பு அதில் இல்லை. "காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் இது ஆறு, இந்தப் பக்கமிருந்து வந்தால் கடல்" என்றார் மூதாட்டி, இரு திசைகளையும் முகவாயால் சுட்டி. மறுநாள் இரவு காற்று கிழக்குக்கு மாறியது. மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தால், முந்தைய நாள் நான் நின்ற இடத்துக்கும் நீருக்கும் நடுவே பல எட்டு அகலத்துக்குச் சேறு திறந்து கிடந்தது. நீர் விறைக்கும் குளிர். நாவில் வைத்தால் உப்பு நன்றாகவே உறைத்தது.

இதன் பின்னணியை அறிவியலாளர்களும் அதே வழியில்தான் சொல்கிறார்கள். ஆற்றுநீர் இலேசானது, கோடையில் வெதுவெதுப்பானது. ஆகவே கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய ஆடைபோல் மிதந்து பரவுகிறது. புவி சுழல்வதால் வடகோளத்தில் மேற்பரப்பு நீர், காற்று போகும் திசைக்கு வலப்புறமாகத் தள்ளப்படுகிறது. மேற்குக் காற்று வீசினால் அந்தப் பழுப்பு ஆடை கரையோடு ஒட்டி, டுக்டோயாக்டுக் தீபகற்பத்தை ஒட்டிக் கிழக்கே நகர்கிறது. கிழக்குக் காற்று வீசினால் அது கரையை விட்டு ஆழ்கடல் நோக்கி விரிய, அதற்கு ஈடாக அடியிலிருந்து குளிர்ந்த உப்புநீர் கரையோரம் எழுகிறது. காட்டில் ஊறிய கரிமம் கரையோரத்திலேயே தங்குமா, பனிக்கட்டிகளுக்கு இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகுமா என்பதைச் சில நாள் காற்று முடிவுசெய்துவிடுகிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

வசந்த காலத்தில் கதை வேறு. ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால் மேல்பகுதியில் உருகிய வெள்ளம், கடலோரம் இன்னும் உறைந்து கிடக்கும்போதே, மே கடைசியில் நுங்கும் நுரையுமாக வந்து சேர்கிறது. அது பனிக்குக் கீழும் மேலும் பாய்கிறது. கரையிலிருந்து சற்று உள்ளே, சுமார் 20 மீட்டர் ஆழத்தில், நொறுங்கிய பனிக்கட்டிகள் குவிந்து தரை தட்டி நிற்கும் நீண்ட மேடு ஒன்று அணைபோல் குறுக்கே நிற்பதால், அதற்குப் பின்னே நன்னீர் ஏரிபோல் தேங்குகிறது. ஆண்டின் கரிமத்தில் பெரும்பங்கு இந்தச் சில வாரங்களில் வந்துவிடுகிறது. ஆனால் பனி நொறுங்கிக்கொண்டிருக்கும் அந்த நாள்களில் படகும் போகாது, பனிவண்டியும் போகாது. நீர் மாதிரி எடுக்கச் சரியான நேரம் அதுதான் என்று மாணவி ஏக்கத்தோடு சொல்லியிருந்தார்.

உப்பைச் சந்தித்தவுடன் துகள்களின் நடத்தை மாறுகிறது. நன்னீரில் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு தனித்தனியே மிதந்த களிமண் துகள்கள், உப்புநீரில் ஒட்டிக்கொண்டு திரளாகி, கரிமத்தையும் சேர்த்து அணைத்தபடி அடியில் இறங்குகின்றன. இப்படி விரைந்து படிந்து மூடப்படும் கரிமம் பல ஆயிரம் ஆண்டுகள் காற்றுமண்டலத்துக்குத் திரும்பாமல் கடலடியில் கிடக்க முடியும். கரைந்த கரிமத்துக்கு இந்தப் புகலிடம் இல்லை. சூரியன் மறையாத கோடையில் புறஊதா ஒளி நாள் முழுவதும் அதன்மேல் விழுந்து, மஞ்சள் நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை உடைக்கிறது. சிதறிய துண்டுகளைப் பாக்டீரியாக்கள் உண்டு கரியமில வாயுவாக மூச்சு விடுகின்றன. அந்த வாயு கடல்நீரை அமிலத்தன்மை நோக்கி நகர்த்துகிறது, ஒரு பகுதி வெளியேறி வானில் கலக்கிறது. அதே நிறம் ஒளியை மேற்பரப்பிலேயே உறிஞ்சிக்கொள்வதால், அடியில் வாழும் நுண்பாசிக்குக் கிடைக்கும் வெளிச்சமும் குறைகிறது. கடலடி மண்ணில் இருப்பது ஆற்றுச் சரக்கா கடலில் விளைந்ததா என்று அறிய, நிலத் தாவரங்களில் மட்டுமே உருவாகும் லிக்னின் என்ற மரப்பொருளின் எச்சங்களைத் தேடுகிறார்கள். கடலடியில் அது கிடைத்தால், அங்கே ஒரு காடு வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

கரையும் தன் பங்குக்குக் கடலில் விழுந்துகொண்டிருக்கிறது. ஊரின் முனையில் உறைமண் மேடு அலையால் அரிக்கப்பட்டு, மேலே புல்தரை விரிப்புபோல் தொங்க, கீழே பனி பளபளத்தது. விளிம்பிலிருந்த சில வீடுகளை 2020-இல் உள்ளே நகர்த்தினார்கள். அளவில் பார்த்தால், இந்தக் கடலோரத்தில் கரை அரிப்பு தருவது ஆறு தருவதன் சிறு பங்குதான்; ஆனால் அந்த முனையில் நின்றபோது என்னால் அதைச் சிறிதாக நினைக்க முடியவில்லை.

கடைசி நாள் மூதாட்டி மீன் புகையூட்டும் கொட்டகைக்கு விறகு வேண்டும் என்றார். மிதந்து வந்த மரம்தான் இங்கே விறகு, காலங்காலமாக வீடும் அதுவே. ஆற்றின் கிழக்குக் கிளை கடலில் சேரும் கிடிகாரியுயிட்டில் அவருடைய முன்னோர் இந்த மரங்களை நிறுத்தி மேலே மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டினார்கள். டெல்டாவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மரக்குவியல்கள் இருப்பதாகவும், அவற்றில் சுமார் 31 லட்சம் டன் கரிமம் அடங்கியிருப்பதாகவும் 2023-இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். நாங்கள் இருவருமாக ஒரு மரத்தை உருட்டி வந்தோம். தொடைப் பருமன்கூட இல்லை. அறுத்த முகத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஆண்டு வளையங்களை நகத்தால் எண்ணத் தொடங்கினேன். 130 வரை வந்தபின் வளையங்கள் மயிரிழையாக நெருங்கிவிட்டன, கண் பிடிக்கவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, துண்டை வாங்கி அடுப்பில் வைத்தார். சற்று நேரம் உப்பு சடசடத்தது. பிறகு நன்றாகப் பற்றிக்கொண்டு, கொட்டகையில் தொங்கிய வெள்ளைமீன்களுக்கு நடுவே புகை ஏறியது.