கனிகூ மலைச்சரிவில் புனித மார்ட்டின் மடம்: ஒரு பாறை விளிம்பில் இரண்டு ஆலயங்கள்

பிரான்சின் தென்கோடியில், கத்தலான் மக்கள் புனிதமாகக் கருதும் கனிகூ மலையின் இடுப்பில், 1,055 மீட்டர் உயரத்தில் சேன் மார்த்தான் (புனித மார்ட்டின்) துறவு மடம் இருக்கிறது. பிரனீஸ் மலைப்பகுதியான செர்தான்யாவின் கோமகன் கிஃப்ரெட் இதைப் பெனடிக்ட் சபைத் துறவியருக்காக எழுப்பினார். ஆலயம் முதலில் நேர்ந்தளிக்கப்பட்டது 1009ஆம் ஆண்டு நவம்பரில்.

மடத்துக்குச் சொந்த வாகனத்தில் போக முடியாது. பெர்ப்பிஞ்ஞான் நகரிலிருந்து வில்ஃப்ராஞ்ச் வரை ரயில், அங்கிருந்து வெர்னே லே பேன் ஊருக்குப் பேருந்து. பேருந்துகள் குறைவு என்பதால் திரும்பும் நேரத்தையும் முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்துள்ள கஸ்தேய் கிராமத்தோடு பொதுச்சாலை முடிகிறது. பிறகு காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும் பாதை. உயர ஏற்றம் சுமார் 300 மீட்டர், நடை 40 முதல் 50 நிமிடம். பாதை தளமிட்டதுதான், ஆனால் செங்குத்து. பலரும் செய்யும் தவறு, வழிகாட்டி அழைத்துப்போகும் நேரத்துக்குச் சரியாக அரைமணி முன்பு கிளம்புவது. மூச்சிரைக்க மேலே போய்ச் சேரும்போது கதவு மூடியிருக்கும். உள்ளே தனியாகச் சுற்ற அனுமதி இல்லை. குறித்த நேரங்களில் குழுவாகத்தான் அழைத்துச் செல்கிறார்கள், விளக்கம் பெரும்பாலும் பிரெஞ்சில். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். ஒரு மணி நேரமாவது முன்னதாகக் கிளம்புங்கள். மேலே கடை இருக்கும் என்று நம்பாமல் தண்ணீர் எடுத்துப்போங்கள். இது இன்றும் ஜெபம் நடக்கும் வீடு என்பதால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

இங்கே பார்க்க வேண்டியது அலங்காரம் அல்ல, பாரம். பாறை விளிம்பில் அகலமாகக் கட்ட இடமில்லை, அதனால் ஆலயத்தின் மேல் ஆலயம் வைத்தார்கள். கீழே அன்னை மரியாவுக்கு ஒன்று, மேலே புனித மார்ட்டினுக்கு ஒன்று. வழிகாட்டி எந்த வரிசையில் கூட்டிப்போனாலும், மனத்தில் கீழ் ஆலயத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே கூரை தாழ்வு, வெளிச்சம் மிகக் குறைவு. முதலில் மெல்லிய கருங்கல் தூண்கள்தான் நின்றன. மேலே இன்னொரு கல் ஆலயம் ஏறியதும் அவற்றால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது என்பது தெரிந்தது. தூண்களை அகற்றினால் கூரை இறங்கிவிடும். ஆகவே இருந்த இடத்திலேயே அவற்றைச் சுற்றிக் கல்வேலை எழுப்பி, சிலுவை வடிவில் தடித்த தூண்களாக்கினார்கள். அந்தத் தடிப்பில் பழைய தூண் எங்கே புதைந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கட்டிடக்கலை வரலாற்றை இவ்வளவு நேரடியாகக் கையால் தொட்டறியும் இடங்கள் குறைவு.

மேல் ஆலயத்தில் பக்கம் பக்கமாக மூன்று கூடங்கள். மூன்றுக்கும் பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போன்ற கல்வளைவுக் கூரை. மரக்கூரையே வழக்கமாக இருந்த காலத்தில் முழுவதையும் கல்லால் மூடியது துணிச்சல். கல்வளைவு சுவரைப் பக்கவாட்டில் தள்ளும்; நடுக்கூடத்தின் தள்ளலைப் பக்கக் கூடங்கள் எதிர்த்துத் தாங்குகின்றன. அதனால்தான் நடுக்கூடத்தின் சுவரை உயர்த்தி அதில் சன்னல் திறக்கவில்லை, அதனால்தான் இருட்டு. இருட்டைப் பக்திக்காகத் திட்டமிட்டது என்று சொல்லிவிடுவது எளிது. நமக்கு அது கணக்கின் விளைவாகவே படுகிறது. தூண்கள் ஒவ்வொன்றும் ஒரே கல். தூண்களின் தலைப்பகுதியான போதிகைகளில் செதுக்கு மிக ஆழமற்றது, பக்கவாட்டிலிருந்து டார்ச் ஒளி விழுந்தால்தான் உரு தெரியும். கத்தலான் கட்டிடக் கலைஞர் புய்ச் இ கதஃபால்க் 'முதல் ரோமனேஸ்க்' என்று பெயரிட்ட, தடித்த சுவரும் அரைவட்ட வளைவும் கொண்ட தொடக்ககாலப் பாணிக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

முற்றத்தைச் சுற்றிய நடைகூடத்தில் ஏமாந்துவிடக் கூடாது. அலங்காரமற்ற கனத்த வளைவுகள் பழையவை. பள்ளத்தாக்கை நோக்கித் திறந்திருக்கும் தெற்குப் பக்கம், பளிங்குப் போதிகைகளோடு எல்லோரும் படமெடுக்கும் பக்கம், 20ஆம் நூற்றாண்டில் கூட்டி அமைத்தது. போதிகைகள் உண்மையிலேயே இடைக்காலத்தவை, ஆனால் அவை நிற்கும் வரிசை அப்படியல்ல. எனவே அவற்றை ஒரு தொடர்கதையாகப் படிக்க முயல வேண்டாம்.

கிஃப்ரெட் பிற்காலத்தில் கோமகன் பதவியைத் துறந்து இங்கேயே துறவியானார், 1049இல் இறந்தார். ஆலயத்தின் அருகே பாறையில் குடைந்த இரண்டு கல்லறைக் குழிகள் இருக்கின்றன. தன்னுடையதைத் தாமே வெட்டினார் என்பது மரபு. உறவினரைக் கொன்ற பாவத்துக்குப் பரிகாரமாக மடம் கட்டினார் என்றும் சொல்வார்கள். அதைக் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மடத்தை மக்கள் தேடி வந்ததற்குக் காரணம் கோமகன் அல்ல, உழவரான புனித கல்ட்ரிக். அவருடைய திருப்பண்டங்கள், அதாவது உடல் எச்சங்கள், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துலூஸ் பக்கமிருந்து இங்கே கொண்டுவரப்பட்டன. துறவியர் திருடி வந்தார்கள் என்பதை மரபே மறைக்கவில்லை. மழை பொய்த்தால் அவற்றைச் சமவெளிக்குப் பவனியாக இறக்கி, நீரில் நனைத்து வேண்டுவது வழக்கமாக இருந்தது. விழா நாள் அக்டோபர் 16. புனிதரை வணங்குவதற்காகவே வருகிறவர்கள் கவனிக்க: திருப்பண்டங்கள் இப்போது மலையில் இல்லை, பெர்ப்பிஞ்ஞான் புனித யோவான் பேராலயத்தில் இருக்கின்றன.

1428 பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழா நாளில், கத்தலோனியாவை நிலநடுக்கம் உலுக்கியது. மணிக்கோபுரத்தின் உச்சி விழுந்தது. இன்றும் அது தலையிழந்த கோபுரமே. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறவியர் வெளியேறியதும் கூரை சரிந்தது, கல்லும் தூணும் பல வீடுகளுக்குப் போயின. 1902இல் பெர்ப்பிஞ்ஞான் ஆயர் கர்சலாத் தூ போன் இடிபாட்டை வாங்கி மீட்கத் தொடங்கினார். 1952 முதல் பெர்னார் த ஷபான் என்ற பெனடிக்ட் துறவி அந்த வேலையைத் தொடர்ந்தார். 1988இல் பெயாத்தித்யூத் என்ற கத்தோலிக்கத் துறவுச் சமூகத்தார் குடியேறினார்கள்.

சுற்றிப் பார்த்ததும் உடனே இறங்கிவிடாதீர்கள். மடத்துக்கு மேலே சில நிமிடம் ஏறினால், விளிம்பில் ஆலயமும் கோபுரமும் நடைகூடமும் எப்படி நெருக்கியடித்துப் பொருந்துகின்றன என்பது ஒரே பார்வையில் விளங்கும். அந்தப் பாதையில் கல் பெயர்ந்திருக்கும். மழை பெய்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். திரும்பும் வழியில் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கடினம், ஊன்றுகோல் ஒன்று இருந்தால் நல்லது.