வாரம் 70 டாலர்

நவம்பர் 20, 2025, வியாழன்

கல்விக் கடனின் முதல் தவணை அறிவிப்பு வந்துவிட்டது. மே மாதம் ஆட்டோமோட்டிவ் படிப்பு முடிந்தது. ஆறு மாத அவகாசமும் தீர்ந்தது. முதல் வருடம் வாங்கியது 3,500 டாலர், வட்டி 5.50 சதவீதம். இரண்டாம் வருடம் 4,500, வட்டி 6.53. பத்து வருடத்தில் அடைக்க மாதம் 90 டாலருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது.

கலிபோர்னியா சமுதாயக் கல்லூரியில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான். 60 யூனிட் பட்டத்துக்கு 2,760. அதை எப்படியோ புரட்டியிருப்பேன், கடன் வாங்க வைத்தது சாக்ரமெண்டோ வாடகை.

வியாழன் என்பதால், மெக்கானிக்குகளுக்குக் கடனில் டூல் விற்கும் வண்டியும் நான் வேலை செய்யும் பட்டறை வாசலுக்கு வந்தது. அந்த வண்டிக்காரருக்குத் தவணை 70 டாலர். மாதத்துக்கு இல்லை, வாரத்துக்கு.

நவம்பர் 23, ஞாயிறு

மதுரையிலிருந்து மாமா போன். “இங்கே ஐடிஐ-லயே இதைப் படிச்சிருக்கலாமே மாப்ளே. சரி, எவ்வளவு தர்றான்?” மணிக்கு 24 டாலர் என்றதும் ரூபாயில் பெருக்கிப் பார்த்து, “அடேயப்பா” என்றார். வாடகையையும் பெருக்கச் சொன்னேன், பேச்சை மாற்றிவிட்டார்.

வருடத்துக்கு 49,920 வருகிறது. தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி, இந்த நாட்டு மெக்கானிக்குகளில் பாதிப் பேர் 49,670க்கு மேலே, பாதிப் பேர் கீழே. புதுசாக வந்தவனுக்கு மோசமில்லை. ஆனால் ஸ்பானர் வாங்கிய காசை அந்தக் கணக்கில் யாரும் கழிப்பதில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

பழைய வி8 பிக்கப், ஸ்பார்க் பிளக் மாற்ற வந்தது. வேலை சீனியருடையது, நான் கையாள். இந்த எஞ்சினில் பிளக்கே இரண்டு துண்டாகச் செய்தது. கரி பிடித்து இறுகிவிடும். பயந்தபடியே ஒன்று முறிந்து, கீழ்த்துண்டு சிலிண்டர் ஹெட்டுக்குள் தங்கிவிட்டது. அதற்கென்றே ஒரு டூல் இருக்கிறது: முதலில் உள்ளே இருக்கும் பீங்கானை அழுத்தி இறக்கி, பிறகு அந்த உலோகக் குழாயில் மரை போட்டுப் பிடித்து, நட்டைச் சுற்றச் சுற்ற மேலே இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் பீங்கான் தூள் சிலிண்டருக்குள் போய்விடும்.

எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று சொல்லும் புத்தகம் கொடுக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஆனது. சீனியருக்கு ஃப்ளாட் ரேட், புத்தகத்தில் உள்ள நேரத்துக்குத்தான் கூலி. அந்த டூலும் அவர் காசில் வாங்கியதுதான். இருந்தும், பிரேக் வேலை வரிசையாக வரும் வாரத்தில் என்னைப்போல இரண்டு பங்கு சம்பாதிக்கிறார். அதுதான் ஆசை காட்டுகிறது.

ஜனவரி 2, 2026, வெள்ளி

நேற்றுமுதல் மாநிலக் குறைந்தபட்சக் கூலி 16.90. கலிபோர்னியா விதிப்படி அதன் இரு மடங்காவது, அதாவது 33.80, தந்தால்தான் சொந்த டூல் கொண்டுவரச் சொல்ல முடியும். எனக்கு 24 என்பதால் பட்டறைதான் டூல் தர வேண்டும். தருகிறார்கள், பொதுப் பெட்டியில். 10 மில்லிமீட்டர் சாக்கெட் எப்போதும் காணோம்! அப்புறம் யார்தான் சொந்தமாக வாங்காமல் இருப்பார்கள்?

டூல் வண்டிக்காரருக்குப் பாக்கி 4,300, வட்டி 18 சதவீதம். கல்விக் கடன் அது பாட்டுக்கு ஓடட்டும். கையில் மிஞ்சுவதெல்லாம் இனி டூல் பாக்கிக்குத்தான். அதோடு, வருகிற வியாழன் புதிதாக எதையும் எடுப்பதில்லை. மெக்கானிக்குகளுக்குச் சான்றிதழ் தரும் ஏஎஸ்இ அமைப்பின் பிரேக் தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்று; சான்றிதழுக்குக் கேட்கும் இரண்டு வருட அனுபவத்தில் ஒரு வருடத்தைப் பட்டம் கழித்துவிடும். மே மாதத்துக்குப் பிறகு சம்பளம் பேசலாம்.