அம்மாயியின் வயது

அம்மாவுக்கு வந்திருப்பது என்ன நோய் என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள எங்கள் குடும்பத்துக்கு எட்டு ஆண்டுகள் ஆயின. அதில் ஒரு பெரும் பகுதி, 1983இல் இறந்துபோன எங்கள் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் தாய்க்கு, அந்த நோய் தொடங்கியபோது என்ன வயது என்ற ஒரே கேள்விக்கு விடை தேடுவதிலேயே கழிந்தது.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் அம்மா ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். 2016ஆம் ஆண்டு, தமது நாற்பத்தேழாவது வயதில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் அடுத்தவரின் சாக்கைத் தன்னுடையது என்று கொண்டுபோய் வைக்கத் தொடங்கினார். பறித்து முடித்த நிரையிலேயே மறுபடியும் இறங்கி நின்றார். கைக்காசுக் கணக்கை மனத்திலேயே கூட்டிச் சொல்லக்கூடியவர், கடையில் மிச்சக்காசை எண்ணத் தெரியாமல் விழித்தார். முனி அடித்துவிட்டது என்று, தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் சிலர் சொன்னதைக் கேட்டுத் திருநீறு போட்டோம், நூல் கட்டினோம். ஆறு மாதங்கள் அப்படிப் போயின. அதற்காக நான் எவரையும் குறை சொல்லமாட்டேன். அந்த வயதில் மறதிநோய் வரக்கூடும் என்பது பாடசாலை ஆசிரியையான எனக்கே அப்போது தெரியாது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மனச்சோர்வு என்று முடிவுசெய்து ஒன்றரை ஆண்டு மாத்திரை கொடுத்தார்கள். மனச்சோர்வும் ஞாபகத்தைக் குறைக்கும் என்பதால் அந்த முடிவில் நியாயம் இல்லாமல் இல்லை. என் மனத்தை இன்றும் வருத்துவது, அந்த ஒன்றரை ஆண்டில் ஒருவர்கூட அம்மாவிடம் தமிழில் பேசவில்லை என்பதுதான். எனக்கு விடுமுறை கிடைக்காத நாட்களில் பக்கத்து வீட்டு அக்கா தமக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னதே கிளினிக் கொப்பியில் பதிவாயிற்று.

கண்டியில் ஒரு நரம்பியல் வைத்தியரிடம் போய்ச் சேர்ந்த பிறகே நிலைமை மாறியது. அவர் முதலில், குணப்படுத்தக்கூடிய காரணங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார். விட்டமின் பி12 குறைபாடு, தைரொயிட் சுரப்பியின் கோளாறு, சிபிலிஸ் தொற்று, தலையில் அடிபட்டு உள்ளே உறைந்த இரத்தம் ஆகியவை எல்லாம் மறதியை உண்டாக்கும் என்பதால் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார். பிறகு ஞாபகப் பரிசோதனை. மூன்றாம் வகுப்போடு தோட்டப் பள்ளியை விட்டு, பென்சிலைப் பிடித்தே பழகியிராத அம்மாவிடம் கடிகாரம் வரையச் சொன்னார்கள். அவர் வாழ்நாள் முழுவதும் நேரத்தை அறிந்தது தொழிற்சாலைச் சங்கொலியால். இன்று என்ன திகதி என்று கேட்டதற்கு, "சம்பளத்துக்கு இன்னும் நாள் இருக்குங்க ஐயா" என்றார். அந்த வைத்தியர் அதைத் தவறு என்று குறித்துவிட்டு நகரவில்லை. தமிழ் தெரிந்த தாதி ஒருவரை அழைத்து, புள்ளிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, வீட்டில் நடப்பதை என்னிடம் கேட்டார்: கறிக்கு உப்புப் போட்டதை மறந்து மீண்டும் போடுகிறாரா, லயத்துக்குள்ளேயே வீடு தெரியாமல் நின்றதுண்டா, அடுப்பை அணைக்கிறாரா? எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் நோயை அறிய, உடனிருப்பவரின் வாய்மொழி எவ்வளவு பெறுமதியானது என்று அன்று புரிந்துகொண்டேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், புதிய ஞாபகங்களைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி வயதுக்கு மீறிச் சுருங்கியிருந்தது. அல்சைமர் நோயாக இருக்கலாம் என்று அவர் முதல் முறையாகச் சொன்னார்.

அதோடு ஒரு கேள்வியும் கேட்டார். "குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, எந்த வயதில்?" அம்மாயிக்குப் புத்தி தடுமாறியிருந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், வயது தெரியாது என்றேன். அது 2019. அடுத்து கொரோனா முடக்கம், அதன்பின் 2022இன் பொருளாதார நெருக்கடி. அம்மாவின் டொனெபெசில் மாத்திரை கிளினிக்கில் இல்லாமற்போன மாதங்களில், வெளியே வாங்கப் பணம் தேடுவதே பெரும்பாடாக இருந்ததால், அந்தக் கேள்வி விடையின்றிக் கிடந்தது.

வயது ஏன் அத்தனை முக்கியம் என்பதை, பின்னர் கொழும்பில் மரபியல் ஆலோசகர் ஒருவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். அல்சைமர் நோயாளர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது முதுமையில் வருவது. ஏபிஓஈ-4 என்ற மரபணு வகை அதன் ஆபத்தைக் கூட்டுமே தவிர, அது இருந்தால் நோய் வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு, ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட விகாரம், அதாவது பிறழ்ந்த மாற்றம், நேராகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. 21ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) உள்ள ஏபிபி, 14ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள பிரெசெனிலின்-1, 1ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள பிரெசெனிலின்-2 ஆகிய மூன்றே அந்த மரபணுக்கள். முதலாவதில் உள்ள விகாரம் 1991இலும் மற்ற இரண்டும் 1995இலும் கண்டறியப்பட்டன. 1991இன் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது, தந்தையும் அவருடைய உடன்பிறந்தவர்களும் ஐம்பதுகளில் நோயுற்றதைக் கண்ட கரோல் ஜென்னிங்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண், 1986இல் லண்டன் ஆய்வாளர்களுக்கு எழுதிய ஒரு கடிதம். இப்படியான குடும்பங்களில் நோய் தலைமுறையைத் தாண்டிக் குதிப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. தொடங்கும் வயதும் பெரும்பாலும் ஒத்திருக்கும். ஆகவே அம்மாயியின் வயது நாற்பத்தைந்தா எழுபதா என்பதில்தான் பரிசோதனை தேவையா இல்லையா என்பதே தங்கியிருந்தது.

அம்மாயிக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. நாடற்றவராகவே வாழ்ந்து முடித்தவர் என்பதால் அடையாள அட்டையும் இல்லை. தோட்டத்தின் பழைய பதிவேடுகள் கைமாறிக் கைமாறித் தொலைந்திருந்தன. குடும்பமோ, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் என்று பங்கிட்ட 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரண்டாகப் பிரிந்தது. பெரிய மாமா 1973இல் தலைமன்னாருக்குப் போகும் ஒப்பாரிக் கோச்சியில் (பிரிவின் அழுகையால் அப்படிப் பெயர் பெற்ற ரயிலில்) ஏறி, மண்டபம் முகாம் வழியாகக் கூடலூர்த் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், பிறகு திரும்பவே இல்லை. ஆலோசகர் தந்த தாளில் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் வரைந்து, நோயுற்றவர்களைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். என் வம்ச வரைபடத்தில் பாதிக்குமேல் கேள்விக்குறிகளே இருந்தன.

மேட்டு லயத்தில் இருந்த, தொண்ணூறை நெருங்கிய பாட்டியிடம் வருடம் கேட்டுப் பயனில்லை என்பதால், நடந்த சம்பவங்களை வைத்துக் கேட்டேன். பஞ்ச காலத்தில் அம்மாயி நன்றாகத்தான் இருந்தாராம். "தோட்டத்தைக் கவுருமெண்டு எடுத்தப்ப அவ மலைக்குப் போக வழி தெரியாம நின்னா, நான்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்" என்றார். தோட்டங்கள் அரசுடைமையான ஆண்டு 1975. தொடங்கிய ஆண்டு அப்படிக் கிடைத்தது. வயது கூடலூரிலிருந்து வந்தது. மாமா மகனை, அதாவது எங்கள் மச்சானை, உறவினர் பலர் வழியாகத் தேடிப்பிடித்து வாட்ஸ்அப்பில் பேசினேன். அவர் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து அனுப்பிய 1972ஆம் ஆண்டு விண்ணப்ப நகலில், எல்லோரும் சேர்ந்தே போவதாக இருந்த அந்தக் காலத்தில் எழுதிய பெயர்கள் வரிசையாக இருந்தன. அம்மாயியின் பெயருக்கு நேரே 42 என்று இருந்தது. அப்படியானால் நோய் தொடங்கியபோது நாற்பத்தைந்து.

மச்சான் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். பெரிய மாமாவும் கடைசிக் காலத்தில் பிள்ளைகளின் பெயர் தெரியாமல் இருந்தாராம். சாராயத்தால் வந்தது என்று எல்லோரும் நம்பினார்களாம். எப்போது தொடங்கியது என்று கேட்டேன். கோயம்புத்தூரில் குண்டு வெடித்த வருடம் என்றார். 1998, மாமாவுக்கு நாற்பத்தெட்டு. தொலைபேசியை வைத்த பிறகு நெடுநேரம் அழுதேன். இருபது ஆண்டுகள் ஒரு மனிதரைக் குடிகாரர் என்று அவருடைய பிள்ளைகளே ஏசியிருந்தார்கள்.

கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியில், பிரான்சிஸ்கோ லோப்பெரா என்ற நரம்பியல் வைத்தியர் 1980களிலிருந்து செய்த வேலையும் இதுவே என்று பின்னர் படித்தேன். அந்த மலைக் குடும்பங்களின் கிளைகளைக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடுகள் வழியாகத் தேடி இணைத்தே, ஆயிரக்கணக்கானோரைக் கொண்ட ஒரே பெருங்குடும்பத்தில் பிரெசெனிலின்-1 விகாரம் ஓடுவதை அவரது குழு காட்டியது. அங்கே நாற்பத்தைந்தை ஒட்டியே மறதி தொடங்குகிறது. அதே விகாரம் இருந்தும் எழுபது வயதுவரை தெளிவாக இருந்த அலிரியா என்ற பெண்ணைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வு, இன்னொரு மரபணுவின் அரிய வகை ஒன்று அவரைக் காத்திருக்கலாம் என்று சொல்கிறது. இந்தத் தகவலை நான் பலமுறை மீண்டும் மீண்டும் படித்திருக்கிறேன்.

வரைபடம் நிரம்பிய பிறகு மற்றவை விரைவாக நடந்தன. முதலில் நோயுற்றவரின் இரத்தத்தைத்தான் சோதிக்க வேண்டும். எந்த விகாரம் என்று தெரியாமல் பிள்ளைகளைச் சோதித்துப் பயனில்லை. அம்மா உயிருடன் இருக்கும்போதே அது முடிந்தது எங்கள் பாக்கியம். மாதிரி வெளிநாட்டுக்குப் போய், 2024இல் முடிவு வந்தது: பிரெசெனிலின்-1.

பொகவந்தலாவையில் இருக்கும் பெரியம்மாவுக்கு எழுபது வயது கடந்தும் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. அவருக்கு விகாரம் வந்திருக்க வாய்ப்பு மிக அரிது என்றும், ஆகவே அவருடைய பெண்கள் அஞ்ச வேண்டியதில்லை என்றும் நானே நேரில் போய்ச் சொன்னேன். கூடலூருக்கும் சொன்னேன்; அது கடினமாக இருந்தது. மச்சானின் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று என் சித்தி கோபித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுடைய இரத்தத்தைப் பற்றிய செய்தியை நான் பூட்டிவைக்க முடியாது.

எனக்கு முப்பத்தாறு வயது. இப்போதைக்குச் சோதித்துக்கொள்ளவில்லை. அறியாமல் இருப்பதும் என் உரிமை என்று ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே சொன்னார்; பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சோதிப்பதில்லை என்றும் சொன்னார். இப்படிப் பரம்பரையாக அல்சைமர் வரும் குடும்பங்களைப் பற்றி 2008இல் தொடங்கிய டயன் என்ற பன்னாட்டு ஆய்விலும் பங்குபெறுவோர் தங்கள் முடிவை அறியாமலேயே இருக்கலாம். அதன் மருந்துச் சோதனையில், அறிகுறி தோன்றுமுன்பே தொடங்கிச் சராசரியாக எட்டு ஆண்டுகள் கான்டெனெருமாப் என்ற மருந்தைப் பெற்ற 22 பேரிடம் அறிகுறி தோன்றும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2025இல் அறிவித்தார்கள். சிறிய குழுதான். இருந்தாலும் அம்மாயியின் காலத்தில் இதற்கு ஒரு பெயர்கூட எங்களிடம் இருக்கவில்லை.

தம்பி தெரிந்துகொள்ள விரும்புகிறான். திருமணத்துக்கு முன் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது அவனுடைய காரணம். இரண்டு ஆலோசனைச் சந்திப்புகள் முடிந்துவிட்டன. யோசிக்க அவகாசம் கொடுத்து, முடிவை நேரில்தான் சொல்வார்களாம், துணைக்கு ஒருவர் வர வேண்டுமாம். அவனுக்கு எது வந்தாலும் அது என்னுடையதைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதை இருவரும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டோம். அந்த நாளில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பெரியம்மா வருகிறார். நான் பாடசாலையில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.