புழுப் பாடத்தில் வந்த கேள்வி

நான் சொன்ன பதில் சரியானது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எழுத எழுத அது பிழை என்பதுபோல ஒரு தொனி வந்துவிடும்.

உயர்தர வகுப்புக்குப் பரம்பரையலகு (மரபணு) படிப்பிக்கும்போது பிள்ளைகள் தூங்காமல் இருக்கப் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு கதை சொல்வேன். சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற புழு, நீளம் ஒரு மில்லிமீற்றர், உடம்பில் 302 நரம்புக்கலங்கள், அதில் மெல்லிய தொடுகையை உணர்வதற்கென்று இருப்பது ஆறே ஆறு. குச்சி நுனியில் ஒரு புருவமயிரை ஒட்டித் தலைப்பக்கம் தடவினால் பின்னுக்குப் போகும், வால்பக்கம் தடவினால் முன்னுக்கு ஓடும். மார்ட்டின் சால்ஃபி, ஜோன் சல்ஸ்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படித் தடவித் தடவி, அசையாத புழுக்களைப் பொறுக்கித்தான் எந்தப் பரம்பரையலகு பழுதென்று தேடினார்கள், 1981இல் வெளியிட்டார்கள். மெக்-3 என்ற பரம்பரையலகு பழுதானால் அந்தக் கலம் தொடுகைக் கலமாகவே உருவாகாது. மெக்-4 என்ற இன்னொன்று வேலைசெய்யாவிட்டால் கலம் இருக்கும், தொட்டால் திறந்து அயன்களை (மின்னேற்றத் துணிக்கைகளை) உள்ளே விடவேண்டிய வாயிற்கதவு இருக்காது. அதே மெக்-4இல் வேறொரு மாற்றம் வந்தால் அந்தக் கதவு திறந்தபடியே கிடந்து கலம் வீங்கிச் செத்துப்போகும்.

இந்த இடத்தில்தான் பின்வாங்கில் இருந்த பிள்ளை கேட்டாள்.

"சேர், அப்பாவுக்கும் முழங்காலுக்குக் கீழ ஒண்டும் தெரியாது. முள்ளுக் குத்தினாலும் ரத்தத்தைக் கண்டாத்தான் தெரியும். நரம்பு செத்துப்போச்செண்டு சொன்னவை."

"எப்ப இருந்து?"

"சண்டைக்குள்ள செல் விழுந்து பட்டதில இருந்து."

"அது காயம் பிள்ளை. இது பரம்பரையலகு. ரெண்டும் வேற."

"அப்ப எனக்கு வராதோ?"

"வராது."

சொல்லிவிட்டு அடுத்த வினாத்தாளை எடுத்தேன். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அப்பாவின் காலைப் பற்றி வேறென்ன கேட்பது? யுத்தம் நடந்த புதுக்குடியிருப்புப் பக்கம் பாதி வீடுகளில் இப்படி ஒருவர் இருக்கிறார், அதனாலேயே ஒருவரும் ஒருவரையும் கேட்பதில்லை. சரி, அது மரியாதை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அரைவாசி அப்படித்தான் நினைக்கிறேன். மற்ற அரைவாசிதான் கரைச்சல். அவள் அந்தப் பயத்தைச் சின்னதிலிருந்தே வைத்திருந்தாளா, அல்லது பழுது பிள்ளைகளுக்குக் கடத்தப்படும் என்று அரைமணித்தியாலமாக நான் படிப்பித்ததில்தான் அது முளைத்ததா? கேட்டிருக்கலாம். கேட்டால் அழுதிருப்பாளோ என்னவோ. அழவும் இல்லை, முகம் தெளியவும் இல்லை, கொப்பியில் "ரெண்டும் வேற" என்பதை எழுதி அடிக்கோடு போட்டாள். பரீட்சைக்கு வராத வரி அது.

இப்போதெல்லாம் மெக்-4க்குப் போவதற்கு முன்னமே, காயத்தால் வந்தது பிள்ளைகளுக்குப் போகாது என்று சொல்லிவிடுகிறேன். போன தவணை ஒரு பெடியன் சிரித்தான். "அது ஆருக்குத்தான் தெரியாது சேர்?"

அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் சிரிக்கவில்லை. அவனிடமும் நான் ஒன்றும் கேட்கவில்லை.