அவர் வழியாக

"சிஸ்டம் வேலை செய்யவில்லை அன்ரி, நாளைக்கு வாருங்கள்" என்று நான் சொன்னபோது சிஸ்டம் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. வாடிக்கையாளர் பக்கம் பார்த்திருக்கும் சின்னத் திரையில் அன்றைய சேடி விலை, ஒரு பவுணுக்கு எத்தனை கானாக் காசு என்பது, பச்சை எழுத்தில் எரிந்துகொண்டிருந்ததை நான் மறந்துபோனேன். அன்ரி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நான் திருப்பித் தள்ளிய 20 பவுண் தாள்களை எடுத்து, நான் ஏற்கெனவே எண்ணிய 108 தாள்களையும் மறுபடி ஒவ்வொன்றாக எண்ணினார். பிளாஸ்டிக் தாள் ஒன்றோடொன்று ஒட்டும். அவர் அவசரப்படவில்லை. பின்னால் நின்றவர்கள்தான் பெருமூச்சு விட்டார்கள். எண்ணி முடித்து, கொண்டுவந்த அதே வெள்ளை உறைக்குள் வைத்து, எப்போதும் சொல்வதுபோல "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது 2023 பெப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை. இன்னும் அந்த நாலு நிமிடத்தைத்தான் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்க்கிறேன்.

காசு அனுப்பும் கவுண்டரில் இருப்பவனுக்கு வாடிக்கையாளரின் குடும்பம் முழுவதும் தெரியும், முகங்கள் மட்டும் தெரியாது. அன்ரிக்கு ஊர் கானா. மாதக் கடைசியில் அங்கே குமாசியில் இருக்கும் தாய்க்கு 150 பவுண். செப்டெம்பரில் தங்கையின் மகனுக்குப் பள்ளிக்கூடக் காசு. அவர்கள் அக்கான் இனம். தாய்வழியில்தான் குலம் போகிறது, அதனால் தங்கையின் பிள்ளையும் தன் குலத்துப் பிள்ளைதான் என்று அன்ரிதான் எனக்கு விளக்கினார். விடியற்காலையில் அலுவலகம் துடைக்கும் வேலை, இரவில் கெயார் ஹோம். இரண்டுக்கும் நடுவில் லண்டன் குரொய்டனில் எங்கள் கடை. என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. என்ன கிழமையில் பிறந்தாய் என்று கேட்டார். வேறு யாரிடமாவது கேட்டிருந்தால் முழித்திருப்பார்கள். எனக்குச் சாதகம் இருக்கிறது, புதன் என்றேன். "அப்படியென்றால் நீ குவாக்கு" என்றார். அன்றிலிருந்து அந்தக் கவுண்டரில் நான் குவாக்கு.

2022 முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒரே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இலங்கை ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தது, கானா டிசம்பரில். பவுணுக்கு ரூபாய் கூடிக்கொண்டே போனது, சேடியும் கூடிக்கொண்டே போனது. கூடக் கிடைக்கிறதே என்று நான் ஒருநாள் சொன்னதற்கு, "கூடக் கிடைப்பதைச் சந்தையில் யாம் கிழங்கு தின்றுவிடுகிறது" என்றார். அந்த டிசம்பரில் கானாவில் விலைவாசி முந்தைய வருடத்தைவிட 54 சதவீதம் ஏறியிருந்தது. வவுனியாவிலிருந்து என் மாமி பருப்பு விலையைப் பற்றிச் சொன்னதும் இதே கதைதான்.

சரி, அந்த வெள்ளிக்கிழமை.

காசு சூசூ காசு. எங்கள் சீட்டு மாதிரி. 12 பேர், மாதம் ஆளுக்கு 200 பவுண், ஒவ்வொரு மாதமும் ஒருவர் 2,400-ஐ மொத்தமாக எடுப்பார். எங்கள் ஏலச்சீட்டில் அவசரக்காரன் கழிவு போட்டு முந்தி எடுப்பான் என்று முன்பு ஒருதடவை சொன்னபோது அவர் முகம் சுளித்தார். "கஷ்டப்படுகிறவனிடமே கழிப்பீர்களா?" அவர்கள் குழுவில் யாருக்காவது சாவு, ஆஸ்பத்திரி என்றால் மற்றவர்கள் தங்கள் முறையை விட்டுக்கொடுப்பார்களாம். ஊரில் சந்தைக்கு நாள்தோறும் வந்து அட்டையில் குறித்துக் காசு சேர்க்கும் சூசூக்காரர்கூட மாதம் முடியும்போது ஒரு நாள் காசை மட்டும் தன் கூலியாக எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பாராம். எனக்கு அன்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எங்கள் முதலாளியே ஒரு சீட்டுத் தாய்ச்சிதான்.

பெறுபவர் பெயரைச் சொன்னார். புதுப் பெயர், அக்ராவில் ஓர் ஆண். பெயருக்கு முன்னால் பாஸ்டர். நான் நிமிர்ந்து பார்த்தேன். காசு வந்த உறை சபைக் காணிக்கை உறை; மூலையில் தசமபாகம் என்ற கட்டம் அச்சடித்திருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டேன். இவரை நேரில் தெரியுமா? தெரியும். சொந்தக்காரரா? இல்லை, ஓசொஃபோ. அவர்கள் மொழியில் போதகருக்கு அதுதான் பெயர். யாராவது அவசரமாக அனுப்பச் சொன்னார்களா? சிரித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்கச் சொல்லித் தந்த கேள்விகள் அவ்வளவுதான். நான் ஒன்று கூடக் கேட்டேன்: "இவ்வளவு காசும் ஒரு பாஸ்டருக்கா, அன்ரி?"

"அவருக்கு இல்லை, குவாக்கு. அவர் வழியாக."

த்ரூ ஹிம். அதைச் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது: மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. எனக்கு அது பிரசங்கம் போலக் கேட்டது. போதகர் வழியாகக் கடவுளுக்கு, பத்துக்கு நூறாகத் திரும்பி வரும் என்று விதைக்கிற காசு. எந்தப் பட்டனும் அழுத்தாமல் கையை எடுத்தேன். சிஸ்டம் வேலை செய்யவில்லை என்றேன்.

என் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், மனைவி இறந்தவர், மூன்று தடவை என் கவுண்டரிலிருந்து ஒரு பெண்ணுக்குக் காசு அனுப்பினார். வருங்கால மனைவி என்றார். மூன்று தடவையும் ரசீது கொடுத்து, வாழ்த்தும் சொன்னேன். பிறகு அவருடைய மகள் அந்த ரசீதுகளோடு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றார். திட்டவில்லை. "இதில் இருப்பது உங்கள் கையெழுத்தா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு ஒருவன் கொஞ்சம் அதிகமாகச் சந்தேகப்படுவது பிழையா? எனக்கு இதில் லாபமும் இல்லை, கமிஷன்தான் போனது. முதலாளி அதைத்தான் சொன்னார்: "காசு அவவின்ரை, கமிஷன் எங்கடை. உமக்கென்ன?"

அவர் சொன்னது அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு மரியாதை இருந்தது என்று இப்போது படுகிறது. காசு அன்ரியுடையது என்பதை அவர் மறக்கவில்லை.

அன்று இரவு பஸ்ஸில் போகும்போதுதான் கணக்கு இடித்தது. சூசூ 2,400. என்னிடம் தந்தது 2,160. மிச்சம் 240, சரியாகப் பத்தில் ஒன்று. தசமபாகத்தை இங்கேயே தன் சபையில் கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார். கடவுளுக்குரியது போய்விட்டது. அப்படியானால் உறைக்குள் இருந்தது எதற்கு?

அப்புறம் சீமெந்து ஞாபகம் வந்தது. குமாசிக்கு வெளியே ஒரு துண்டுக் காணி வாங்கி, வீடு கட்டச் சொல்லித் தம்பிக்கு ஆறு வருடம் காசு அனுப்பியிருக்கிறார். இத்தனை மூட்டை சீமெந்து, இத்தனை லோடு மணல் என்று தம்பி கணக்கு அனுப்புவாராம். 2016-இல் போய்ப் பார்த்தால் அத்திவாரமும் நாலு தூணும், தூணுக்கு நடுவில் யாரோ நட்ட மரவள்ளியும். "நல்ல கிழங்கு" என்று சொல்லிச் சிரித்தார். இந்தக் கதையை இதே கவுண்டரில் நின்று எனக்குச் சொன்னவர் அவர். சொந்தத் தம்பியிடம் ஏமாந்த ஒருவர், குடும்பத்துக்குத் தெரியாமல், நம்பிக்கையான ஒரு போதகர் வழியாகக் காசை அனுப்பிச் சீமெந்து வாங்கச் சொல்லமாட்டாரா? அவர் வழியாக என்றால் வெறும் அவர் வழியாக என்றுதானே அர்த்தம்? எங்கள் ஆட்கள் வங்கி இல்லாமல் ஊருக்கு உண்டியலில் காசு போடும்போது ஒரு கடைக்காரர் வழியாகப் போடுவதில்லையா?

ஆனால் போதகர் ஏமாற்றமாட்டார் என்று யார் சொன்னது? தம்பியிடம் ஏமாந்தவர் போதகரிடமும் ஏமாறலாம். தசமபாகம் கட்டினவர்களிடம் அதற்கு மேலும் கேட்கிற சபைகள் உண்டு. ஆக, 240-ஐ வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது. இந்த இடத்துக்கு வந்ததும் நான் மறுபடியும் நல்லவனாகிவிடுவேன். அரை மணித்தியாலம் தாங்கும்.

அப்புறம் இன்னொன்று நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்துக் கோயில்களின் திருப்பணிக்கும் கும்பாபிஷேகத்துக்கும் எங்கள் ஆட்கள் அனுப்பும் காசு என் கையால் எவ்வளவு போயிருக்கிறது! ஆயிரம், இரண்டாயிரம். தர்மகர்த்தாவின் சொந்தப் பெயருக்கு. ஒருவரிடமும் "இவ்வளவுமா?" என்று கேட்டதில்லை. ஒரு அம்மா தாலிக்கொடியை அடகு வைத்து அனுப்பினார், நான் பட்டனை அழுத்திவிட்டுக் கும்பிடவும் செய்தேன். ஓசொஃபோ என்றதும் மட்டும் எனக்குள் ஒரு போலீஸ்காரன் எழும்பிவிட்டான். அவனை யார் உள்ளே வைத்தது என்று எனக்குத் தெரியும், அதை எழுதத்தான் கூசுகிறது. கடைக்கு வெளியே எங்கள் ஆட்கள் ஆப்பிரிக்கரைப் பற்றிக் கதைக்கும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

அப்பாவையும் நினைத்துக்கொள்வேன். சண்டை முடிவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து கேட்டவர்களுக்கு அவர் வங்கியில் கடன் எடுத்துக் கொடுத்தார். 2009-க்குப் பிறகும் பல வருடம் அதைக் கட்டினார். வங்கிக்காரி அன்று "சிஸ்டம் வேலை செய்யவில்லை" என்று சொல்லியிருந்தால்? அப்பா ஆத்திரப்பட்டிருப்பார், அடுத்த வங்கிக்குப் போயிருப்பார். அம்மா அவளுக்கு ஒரு விளக்கு ஏற்றியிருப்பார். இதில் நான் யாருடைய பக்கம் என்று இன்றுவரை தெரியவில்லை.

உண்மையைச் சொல்லி மறுத்திருக்கலாம். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, அனுப்பமாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் ஏன் என்று அவர் கேட்டிருப்பார், நான் பதில் சொல்லியிருக்க வேண்டும், தம்பியின் கதை அங்கேயே வெளியில் வந்திருக்கும். பொய் சொன்னதால் அவருக்கு வாதாடக்கூட இடமில்லாமல் போனது. எல்லாவற்றிலும் இதுதான் என்னை அரிக்கிறது. அது சரி, வரிசையில் ஏழு பேர் நிற்கும்போது யார் இவ்வளவு யோசிப்பார்கள்?

மூன்று கிழமை அவர் வரவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் வேறு கம்பனியின் கவுண்டர் இருக்கிறது. அங்கே அனுப்பியதை என் திரை காட்டாது. நாலாவது கிழமை வந்தார். "இன்றைக்கு உன் சிஸ்டம் வேலை செய்கிறதா?" என்றார். செய்கிறது என்றேன். தாய்க்கு 150. ரசீதைக் கடைசி வரிவரை வாசித்து, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். முன்பெல்லாம் வாசிக்கமாட்டார். குவாக்கு என்றும் கூப்பிடவில்லை. "நன்றி, மை ஃப்ரெண்ட்" என்றார். கவுண்டரில் நிற்கும் எல்லாருக்கும் எல்லாரும் சொல்வது.

போன மாதம் வந்தபோது 600 பவுண் கொண்டுவந்தார். பெறுபவர் குமாசியில் ஒரு பெண், நான் பார்க்காத பெயர். என்ன நோக்கம் என்று கேட்டேன், கேட்காமல் பெட்டியை நிரப்ப முடியாது.

"கூரைத் தகடு" என்றார்.

எந்த வீட்டுக்கு என்று வாய்வரை வந்தது. பின்னால் நாலு பேர் நின்றார்கள். கட்டட வேலை என்பதைத் தெரிவுசெய்து, பட்டனை அழுத்தி, ரசீதைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன். அவர் வாசிக்கத் தொடங்கினார்.