இந்த நாய் எந்த வீட்டுக்கு? மெல்போர்ன் கிளாஸ்ல வாதம் பண்ண சொல்லிக்குடுக்கிற அனுபவம்

மெல்போர்ன் வந்த புதுசுல எல்லாரும் குளிரைப் பத்தி சொன்னாங்க, வாடகையைப் பத்தி சொன்னாங்க, ஒரே நாள்ல நாலு சீசன் வரும்னு சொன்னாங்க, ஆனா இங்க அஞ்சு வயசுப் பிள்ளைகிட்டயே "நீ என்ன நினைக்கிற, ஏன் அப்படி நினைக்கிற"ன்னு கேட்டு, அது சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையா காத்திருப்பாங்கன்னு யாருமே சொல்லல. குளிர் கூட ரெண்டாவது வருஷம் பழகிடுச்சு, இதுக்குப் பழகத்தான் ரொம்ப நாளாச்சு.

கோவில்பட்டி பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சரா இருந்தேன். அதை வச்சு இங்க வேலைக்குப் போகணும்னா ஐ.இ.எல்.டி.எஸ்.ங்கிற இங்கிலீஷ் பரீட்சையில ரீடிங் ரைட்டிங்குக்கு 7, லிசனிங் ஸ்பீக்கிங்குக்கு 8 எடுக்கணும், சர்டிபிகேட்டெல்லாம் மதிப்பீட்டுக்கு அனுப்பணும், விக்டோரியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டீச்சிங்ல பதிவு பண்ணணும், இவ்வளவும் முடிஞ்சாலும் உடனே ஒரு கிளாஸ் கையில வராது, சி.ஆர்.டி.ன்னு சொல்ற பதிலி டீச்சர் வேலைதான் முதல்ல. காலையில ஏழு மணிக்கு போன் வரும், இன்னிக்கு டார்னீட்டா, வெரிபீயா, சன்ஷைனான்னு அப்பதான் தெரியும், டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு ஓட வேண்டியதுதான். அப்படி ஓடி ஓடித்தான் மேற்கு மெல்போர்னே எனக்குப் பழக்கமாச்சு, அதுக்கப்புறம் ஒரு அரசுப் பள்ளியில கிரேடு 5 கிளாஸ் கான்ட்ராக்ட்ல கிடைச்சுது. நான் சொல்ல வந்தது அந்த கிளாஸ்ல நடந்த நாய்ப் பாடத்தைப் பத்தி.

இங்க நாப்லான்னு ஒரு தேசியத் தேர்வு, 3, 5, 7, 9-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம். முன்னாடி மே மாசம் இருந்துச்சு, 2023-ல இருந்து மார்ச்சுக்கு மாத்திட்டாங்க. அதுல ரைட்டிங்னு ஒரு பகுதி, கதை எழுதச் சொல்லலாம், இல்ல ஒரு விஷயத்தைச் சொல்லி அதுக்கு ஆதரவாவோ எதிர்த்தோ வாதம் எழுதச் சொல்லலாம். வாதக் கட்டுரையை 10 அளவுகோல் வச்சுத் திருத்துவாங்க. ஸ்பெல்லிங், பங்சுவேஷன் எல்லாம் பட்டியலோட கடைசியில இருக்கு, முதல் அளவுகோல் என்னன்னா படிக்கிற ஆளு. உன் எழுத்து படிக்கிறவங்களை மனசுல வச்சு எழுதினதா, அவங்களை அசைச்சுதா? ட்ரெய்னிங்ல இதை முதல் தடவை பார்த்தப்போ நான் அந்தப் பேப்பரைத் திரும்பத் திரும்பப் படிச்சேன், ஏன்னா நம்ம கட்டுரைகள்ல முன்னுரை உண்டு, உட்தலைப்பு உண்டு, மேற்கோள் உண்டு, முடிவுரை உண்டு, படிக்கிற ஆளுன்னு ஒருத்தர் இருக்கிறதா யாரும் நினைச்சதில்ல. திருத்துற டீச்சர் மட்டும்தான். நம்ம முறையைக் குறை சொல்லல, ஒரு விஷயத்தை ஒழுங்கா அடுக்கி எழுத அது நல்லா பழக்கிவிடும், எனக்கே இன்னிக்கு வரைக்கும் அந்த ஒழுங்குதான் கை குடுக்குது. வாதம் பண்றதும் நமக்குப் புதுசு இல்ல, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிவி முன்னாடி குடும்பமா உட்கார்ந்து பட்டிமன்றம் பார்க்கிற ஜனங்க நாம. ஆனா அது மேடையிலயே நின்னுடுச்சு, பள்ளிக்கூட நோட்டுக்குள்ள வரல.

எங்க கிரேடு 5 டீச்சருங்க சேர்ந்து பிளான் பண்றப்போ டீம் லீடர் சொன்னது, ஸ்கூல் யூனிஃபார்ம் வேணுமா வேண்டாமா, ஹோம்வொர்க் வேணுமா வேண்டாமான்னு ஒரே தலைப்பை எழுதி எழுதிப் பிள்ளைங்களுக்குச் சலிச்சுப் போச்சு, அதுவும் அதுல தேடிப் படிக்க எதுவும் கிடையாது, மனசுல தோணுனதை எழுதிட்டுப் போயிடுறாங்க, இந்தத் தடவை ஆளுக்கு ஒரு நாய் இனம் குடுப்போம், ஆராய்ச்சி பண்ணட்டும், அப்புறம் வாதம் பண்ணட்டும்னு. நாய்னதும் கிளாஸே எழுந்து நின்னுடுச்சு. ஆனா முதல் வாரம் வந்த எழுத்தெல்லாம் ஒரே மாதிரி, "லேப்ரடார் அன்பானது, அழகானது, எல்லாரும் வாங்கணும்." பசு ஒரு சாதுவான பிராணி கட்டுரை மாதிரிதான், மாட்டுக்குப் பதிலா நாய்.

அப்பதான் குடும்ப அட்டைகள் தயார் பண்ணோம். ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு குடும்பம். ஃபுட்ஸ்க்ரேல ரெண்டு பெட்ரூம் யூனிட், அப்பா அம்மா ரெண்டு பேரும் ஷிஃப்ட் வேலை. விண்டம் வேல்ல பின்பக்கம் புல்வெளி இருக்கிற வீடு, மூணு சின்னப் பிள்ளைங்க. பல்லாரட்ல தனியா இருக்கிற எழுபது வயசு பாட்டி. காஸ்டர்டன் பக்கம் ஆட்டுப் பண்ணை. நீ உலகத்துக்கே எழுத வேண்டாம், இந்தக் குடும்பத்துக்கு மட்டும் எழுது, இந்த நாய் உங்க வீட்டுக்குச் சரிவரும்னு அவங்களை ஒத்துக்க வை, அவ்வளவுதான் வேலை. அந்த அட்டை கையில போனதும் பிள்ளைங்க கேள்வியே மாறிடுச்சு. நாய் எப்படி இருக்கும்ங்கிறது போயி, இந்தப் பாட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பாங்க மிஸ், ஷிஃப்ட் போறவங்க வீட்டுல நாய் எவ்வளவு நேரம் தனியா இருக்கும் மிஸ்னு கேக்க ஆரம்பிச்சாங்க. இந்தப் பாடத்தோட உயிரே அந்த அட்டையிலதான் இருக்குன்னு நான் இன்னிக்கும் நம்புறேன்.

ஒரு வியட்நாம் குடும்பத்துப் பையன், கெல்பின்னா அவனுக்கு உயிரு. கெல்பி, மெல்போர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தோட சொந்த நாய் மாதிரி, 1870-கள்ல உருவான மேய்ப்பு நாய், காஸ்டர்டன் ஊரு தன்னை அதோட பிறந்த இடம்னே பெருமையா சொல்லிக்கும். ஆட்டு மந்தை நெருக்கமா நின்னா அதுங்க முதுகு மேலயே ஏறி ஓடி அந்தப் பக்கம் போகும், அவ்வளவு சுறுசுறுப்பு. ஆனா இவனுக்கு வந்த அட்டை ஃபுட்ஸ்க்ரே யூனிட். மாத்திக் குடுங்கன்னு கேட்டான், நான் மாத்தல. கெல்பியைப் பத்திப் படிக்கப் படிக்க அவனே சொன்னான், நாள் முழுக்க ஓடப் பிறந்த நாயை பால்கனியில அடைச்சா அது சோபாவைக் கடிச்சுக் குதறிடும் மிஸ், இதை நான் எப்படி சிபாரிசு பண்ணுவேன்னு. அப்புறம் தேடித் தேடி அவன் பிடிச்சது கிரேஹவுண்ட். மணிக்கு கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் வேகத்துல ஓடுற நாயை யூனிட்டுக்கு சொல்றியேன்னு கிளாஸே கேட்டுச்சு, அதுக்கு அவன் கட்டுன பதில் இருக்கே, அது கொஞ்ச நேரம் பாய்ஞ்சு ஓடுற நாய், மீதி நாள்ல பெரும்பகுதி தூங்கும், முடி குட்டை, அதிகம் குரைக்காது, ஓட்டப் பந்தயத்துல இருந்து ஓய்வு பெற்ற நாய்களைத் தத்து குடுக்கத் தனித் திட்டமே இருக்கு, விக்டோரியால வளர்ப்பு கிரேஹவுண்டுக்கு வெளிய போறப்போ வாய்க்கூடு போடணும்ங்கிற சட்டத்தைக் கூட 2019 ஜனவரியில எடுத்துட்டாங்க. அதோட நிறுத்தல, பூனை இருக்கிற வீட்டுல ஜாக்கிரதை, தெருவுல கயிறு இல்லாம விடக் கூடாது, குளிர்காலத்துல கோட்டு போடணும்னு எதிர்ப்பக்கத்தையும் அவனே எழுதிட்டான். இதுக்கு நான் பக்கத்துல ஒரு வரி எழுதி வச்சேன், உன் நாயோட குறையை நீயே சொன்னதாலதான் மத்ததெல்லாம் நம்ப முடியுதுன்னு.

கிரேஹவுண்ட்னதும் பிள்ளைங்க இன்னொரு பக்கமும் தோண்டிட்டாங்க. நியூ சவுத் வேல்ஸ்ல 2016-ல நாய்ப் பந்தயத்தைத் தடை பண்ணப் போறேன்னு அந்த மாநிலத்து பிரீமியர், அதாவது முதல்வர், மைக் பேர்ட் ஜூலையில அறிவிச்சு, எதிர்ப்பு தாங்காம அக்டோபர்ல அதைத் திரும்ப வாங்கிக்கிட்டார், கான்பெர்ரா இருக்கிற ஏ.சி.டி.ல 2018-ல தடையே வந்துடுச்சு. ஒரே விஷயம், ஒரே நாடு, ரெண்டு முடிவு. பத்து வயசுப் பிள்ளைங்க அதை வச்சு மதிய சாப்பாட்டு நேரம் வரைக்கும் பேசினாங்க, நான் குறுக்க போகவே இல்ல.

அடுத்தது ஆதாரம். நாய் விக்கிறவங்க வெப்சைட்டுல எழுதுறதும் ஆர்.எஸ்.பி.சி.ஏ.ங்கிற விலங்கு நல அமைப்பு எழுதுறதும் ஒண்ணா? யாருக்கு இதுல காசு வருது? இதைச் சொல்லிக்குடுக்க லேப்ரடூடில் மாதிரி ஒரு உதாரணம் கிடைக்காது, அதுவும் இந்த ஊர்க் கதை. 1980-களோட கடைசியில மெல்போர்ன்ல இருக்கிற வழிகாட்டி நாய் சங்கத்துல வாலி கான்ரன்னு ஒருத்தர், ஹவாய்ல இருந்த பார்வையில்லாத ஒரு பெண்ணுக்கு, அவங்க கணவருக்கு அலர்ஜி இருந்ததால, லேப்ரடாரையும் பூடிலையும் சேர்த்து குட்டி எடுத்தார். பிறந்த மூணு குட்டியில ஒண்ணோட முடியும் எச்சிலும்தான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கிச்சு. ஆனா அப்புறம் என்ன ஆச்சு, உலகம் பூரா "அலர்ஜி வராத நாய்"னு சொல்லி விக்க ஆரம்பிச்சுட்டாங்க. 2012-ல நெதர்லாந்துல வந்த ஆய்வுல, அலர்ஜி வராதுன்னு சொல்ற இனங்களோட முடியில அலர்ஜி தர்ற புரதம் ஒண்ணும் குறைவா இல்லன்னு தெரிஞ்சுது. கான்ரனே 2019-ல ஏ.பி.சி.ங்கிற ஆஸ்திரேலிய அரசு ஒலிபரப்பு நிறுவனத்துக்குக் குடுத்த பேட்டியில இதை ஆரம்பிச்சு வச்சதுக்கு வருத்தப்பட்டார். கேவூடில்ங்கிற பூடில் கலப்பு நாயை எடுத்திருந்த பொண்ணு இதைக் கேட்டுட்டு தன் கட்டுரையில இருந்த "அலர்ஜி வரவே வராது"ங்கிற வரியை அடிச்சுட்டு, "உங்க வீட்டுல அலர்ஜி இருந்தா வாங்குறதுக்கு முன்னாடி அந்த நாயோட கொஞ்ச நேரம் இருந்து பாருங்க"ன்னு எழுதினா. வேகம் குறைஞ்சு போச்சே மிஸ்னு கவலைப்பட்டா. இல்லம்மா, இப்பதான் பலம் வந்திருக்குன்னேன்.

லேப்ரடார் கோஷ்டிக்கும் ஒரு வேலை குடுத்தேன். 2016-ல கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சது, ஏறத்தாழ நாலுல ஒரு லேப்ரடாருக்கு பி.ஓ.எம்.சி.ங்கிற மரபணுவுல ஒரு துண்டு இல்ல, அதனால பசி அதிகம், எடை கூடும். இதை எதிராளி எடுத்துச் சொன்னா நீ என்ன சொல்லுவ? "சாப்பாட்டை அளந்து போடுங்க, சாப்பாட்டு ஆசை இருக்கிற நாய்க்குப் பழக்குறது சுலபம்"னு ஒரு சூடான் பையன் எழுதினான். குறையையே எடுத்து தன் பக்க வாதமா திருப்பிட்டான், இதை நான் சொல்லிக்குடுக்கல.

ஸ்கூல் விடுற நேரத்துல கேட்டு பக்கத்துல ஒரு திருச்சிக்காரர், அவர் பொண்ணு என் கிளாஸ்தான், "ஏன் மேடம், நாயப் பத்தியே இத்தனை வாரமா எழுதுறாங்களே, மேக்ஸ் எப்போ?"ன்னு கேட்டார். கோபமா கேக்கல, நிஜமாவே புரியாமத்தான் கேட்டார், வந்த புதுசுல நானும் அதேதான் நினைச்சிருப்பேன். அவர்கிட்ட நாப்லானைப் பத்திப் பேசல. அவங்க இருக்கிறது வாடகை வீடு. விக்டோரியால 2020 மார்ச்சுல இருந்து, வாடகைக்கு இருக்கிறவங்க நாய் வளர்க்க அனுமதி கேட்டா வீட்டுக்காரர் காரணம் இல்லாம மறுக்க முடியாது, வேண்டாம்னா 14 நாளைக்குள்ள வீகேட் தீர்ப்பாயத்துக்குப் போகணும். "உங்க பொண்ணு இப்போ வீட்டு ஓனருக்கு எழுதுற மாதிரி ஒரு லெட்டர் எழுதியிருக்கா சார், நாய்க்கு மைக்ரோசிப் போடுவோம், கவுன்சில்ல ரெஜிஸ்டர் பண்ணுவோம், கார்ப்பெட்டுக்கு நாங்க பொறுப்புன்னு. படிச்சுப் பாருங்க"ன்னேன். மறுநாள் வந்து, "நாய் வாங்கப் போறதில்ல மேடம், ஆனா ஹீட்டர் ரிப்பேருக்கு ஏஜென்ட்டுக்கு அவளையே எழுதச் சொல்லியிருக்கேன்"னார். எனக்கு அன்னிக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. நம்ம ஆளுங்க எத்தனை பேரு இந்த ஊர்ல நியாயமான ஒண்ணைக் கேக்கத் தயங்கி, எப்படிக் கேக்கிறதுன்னு தெரியாம விட்டுடுறோம், வீட்டு ஏஜென்ட்கிட்ட, ஆபீஸ்ல, கவுன்சில்ல. காரணத்தோட, ஆதாரத்தோட, மரியாதையா கேக்கிறதை ஒரு பத்து வயசுப் பிள்ளை நாயை வச்சுக் கத்துக்கிட்டா அதை விட என்ன வேணும்.

இப்போ இதே பாடத்தை சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியிலயும் எடுக்கிறேன், தமிழ்ல. அங்க நம்ம நாய்கள்தான்: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. 2005-ல இந்திய தபால்துறை ராஜபாளையத்துக்கு ஸ்டாம்ப் போட்டதைப் பார்த்ததும் பிள்ளைங்களுக்கு ஒரே பெருமை. சிப்பிப்பாறை படத்தைக் காட்டினா "மிஸ், இது கிரேஹவுண்டோட சொந்தக்காரங்க மாதிரி இருக்கே"ங்கிறாங்க, ஒல்லி உடம்பு, ஆழமான நெஞ்சு, கண்ணால பார்த்து முயலைத் துரத்துற வேட்டை நாய், ரெண்டும் ஒரே வகைதான். வேலை என்னன்னா ஊர்ல இருக்கிற தாத்தா பாட்டிக்கு ஒரு லெட்டர், வெளிநாட்டு இனம் வேண்டாம், நம்ம வெயில் தாங்குற நம்ம நாயை வளருங்கன்னு. ஒரு பொண்ணு சாத்தூர்ல இருக்கிற தன் பாட்டிக்கு சிப்பிப்பாறை வளர்க்கச் சொல்லி எழுதி, அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்பிட்டா. பாட்டி வாய்ஸ் மெசேஜ்ல பதில் போட்டுட்டாங்க: "ஏத்தா, நீ சொல்றதெல்லாம் சரிதான், அது கட்டுத்தறியில நிக்கிற நாயா? காட்டுல ஓடுற நாயாச்சே, என் முட்டி வலிக்கு அது பின்னாடி யாரு ஓடுறது?" கிளாஸ்ல எல்லாரும் கேட்டோம், பாட்டி சொல்றதுல நியாயம் இருக்குன்னு பாதிப் பேரு கட்சி மாறிட்டாங்க. அந்தப் பொண்ணு விடல, பக்கத்துத் தோட்டத்துல இருக்கிற சித்தப்பா காலையில கூட்டிட்டுப் போவாரான்னு முதல்ல அவர்கிட்ட கேட்டுட்டு, அப்புறம் பாட்டிக்கு ரெண்டாவது லெட்டர் எழுதப் போறாளாம்.