ஸ்பொன்சர் பைல் நிண்ட இடமும் இவர் எழுதிக் குடுத்த விலாசங்களும்

நான் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்ட என்ர மனுசனுக்கு கனடா பிஆர், அதுதான் நிரந்தர வதிவிடம், கிடைச்சு இப்ப ஸ்காபரோவில என்னோட இருக்கிறார். என்னெண்டு செய்தனீங்கள், ஏன் உங்கட மட்டும் இவ்வளவு இழுபட்டது எண்டு கனபேர் கேக்கினம், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்ல ஏலாது, அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதுறன், நீளமாத்தான் வரும்.

எங்கட எழுத்து, அதுதான் கலியாணப் பதிவு, 2022இல கிளிநொச்சியில நடந்தது, தாலி கட்டினது பிறகு கோயில்ல. விண்ணப்பத்தில கலியாணத் திகதியா எழுத்து நடந்த நாளைத்தான் போட்டம், கோயில்ல நடந்தது வேற நாள் எண்டதை ஐஎம்எம் 5532 போர்மில எங்கட கதை எழுதிற இடத்தில விளக்கமாச் சொல்லிவிட்டம். சேர்டிபிக்கட்டில ஒரு திகதியும் கலியாணப் போட்டோவில இன்னொரு திகதியும் கிடந்தால் பாக்கிற ஒபிசருக்கு யோசினை வரத்தானே செய்யும். பேசிச் செய்த கலியாணம் எண்டால் இன்னும் வடிவா எழுதவேணும், ஆர் சம்பந்தம் கொண்டுவந்தது, சாதகம் பொருந்தினாப் பிறகு எப்ப முதல் கதைச்சது, ஆர் ஆர் கலியாணத்துக்கு வந்தவை, என்ர வீட்டில இருந்து ஏன் சிலபேர் வரேல்ல, எல்லாம். எங்களுக்கு அது ஊர் வழமை, அங்க இருந்து பைல் பாக்கிற ஆளுக்கு அது தெரிய ஞாயமில்லை. போட்டோ 20, சற், மெசேஜ் 10 பக்கம், அதுக்கு மேல அனுப்பவேண்டாம் எண்டு செக்லிஸ்டிலயே கிடக்கு. அதுக்குள்ள நல்லதாத் தெரிஞ்செடுத்து, ஆக்களின்ர பேரும் முறையும் எழுதி அனுப்பினால் காணும்.

நாங்கள் செய்தது அவுட்லாண்ட், எண்டால் கூப்பிடுற ஆள் கனடாவுக்கு வெளியில இருக்கேக்க போடுற விண்ணப்பம். இவர் அங்க இருந்தவர் எண்டது ஒரு காரணம், மற்றது அவுட்லாண்டில மறுத்தால் ஸ்பொன்சர் பண்ணின ஆள் 30 நாளுக்குள்ள அப்பீல் போடலாம், கனடாவுக்குள்ள இருந்து செய்யிற கிளாசில அந்த அப்பீல் இல்லை. காசு அந்தநேரம் எல்லாமாச் சேர்த்து 1080 டொலர், பயோமெற்றிக்ஸ் (கைரேகை, படம்) 85 வேற, பிறகு 2024இல கூட்டிட்டினம். சம்பளம் இவ்வளவு இருக்கவேணுமோ எண்டு கனபேர் பயப்பிடினம். கியூபெக் வழி வேற, மற்ற இடங்களில மனுசன் மனுசியை மட்டும் கூப்பிடேக்க பொதுவா அப்பிடி ஒரு அளவு இல்லை, ஆனா வெல்ஃபெயர் எடுத்துக்கொண்டு கூப்பிட ஏலாது, வந்த நாளில இருந்து 3 வருசத்துக்கு அவரின்ர செலவுக்கு நான்தான் பொறுப்பு எண்டு கையெழுத்து வைக்கவேணும்.

பொலிஸ் ரிப்போர்ட் இலங்கையில சுகமாக் கிடைச்சுது. இவர் கொஞ்சக்காலம் கட்டாரில வேலை செய்தவர், 6 மாசத்துக்கு மேல தொடர்ச்சியா இருந்த நாடு எண்டபடியா அங்கயும் எடுக்கவேண்டி வந்திட்டுது, அதுக்குத்தான் கனக்க மினக்கெட்டம். வெளிநாட்டில இருந்திட்டு வந்த ஆக்கள் போர்ம் நிரப்ப முதலே இதைத் தொடங்குங்கோ.

முதல் மாசங்கள் எல்லாம் கெதியாத்தான் போச்சுது. ஸ்பொன்சர் தகுதி ஓகே எண்டு வந்திட்டுது, பயோமெற்றிக்ஸ் குடுத்தாச்சு, கொழும்பில மெடிக்கல் முடிஞ்சுது. அதுக்குப் பிறகு ஒண்டும் அசையேல்ல. 12 மாசம் எண்டு வெப்சைட்டில போட்டிருந்தது, அது தாண்டியும் ட்ராக்கரில அதே வரிதான். எங்களோட சேர்ந்து போட்ட ஆக்கள் எல்லாம் வந்து இறங்கி வேலைக்கும் போயிட்டினம். கலியாண வீடு, சாமத்திய வீடு எங்க போனாலும் “என்ன பிள்ளை, அவருக்கு இன்னும் வரேல்லையோ, ஏதும் பிரச்சினையோ” எண்டு கேட்பினம். அந்தப் பிரச்சினையோ எண்ட சொல்லுத்தான் என்னை நித்திரை கொள்ள விடாதது. அங்க மாமியையும் சனம் அப்பிடித்தான் கேட்டது.

அந்தநேரம் ஒரு அக்கா சொல்லித்தான் ஜிசிஎம்எஸ் நோட்ஸ் எடுத்தன், எங்கட பைலைப் பற்றி இமிக்ரேசன்காரர் கொம்பியூட்டரில எழுதி வச்சிருக்கிற குறிப்புகள் அது. 5 டொலர்தான், கனடாவில இருக்கிற ஆள் போடலாம், மற்ற ஆளின்ர சம்மதக் கையெழுத்து வேணும். வந்த தாள்களைப் பாத்தால் எலிஜிபிலிட்டி பாஸ், மெடிக்கல் பாஸ், கிரிமினாலிட்டி பாஸ், செக்கியூரிட்டி, அதுதான் பாதுகாப்புச் சோதினை, மட்டும்தான் முடியேல்ல. எங்கட கலியாணத்தை அவை நம்பியிட்டினம், அதை எழுத்தில பாத்த உடன எனக்கு அழுகை வந்திட்டுது. அதுவரைக்கும் இன்னும் போட்டோ அனுப்புவமோ, அபிடவிற் (சத்தியக் கடதாசி) குடுப்பமோ எண்டு ஒவ்வொருத்தர் சொல்லுறதையும் கேட்டுத் தலை வெடிக்கும். பைல் எதில நிக்குது எண்டு தெரியாமல் கண்டதையும் அனுப்பிறதில பிரயோசனம் இல்லை, முதல் நோட்ஸ் எடுங்கோ.

பிறகு ஒரு கடிதம் வந்தது. முந்தி இருந்த இடங்கள் எல்லாத்தையும் விலாசம், மாசம், வருசத்தோட தரச்சொல்லி. முந்தின விபரங்கள் எழுதிற ஐஎம்எம் 5669 போர்மில கடைசி 10 வருசம்தான் கேட்டது, அது குடுத்தாச்சு. இது அதுக்கும் முந்தின காலம். இவர் வன்னி. 2008 கடைசியில கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் முகாம். போனில இருந்துகொண்டு என்னட்டக் கேக்கிறார், “என்னப்பா, தறப்பாள் கொட்டிலுக்கு என்ன விலாசம் போடுறது?”

அந்த ஒரு கேள்விக்கு நான் என்ன சொல்லுறது. எத்தனையோ இரவு வீடியோவில இருந்து எழுதினம். மாமி பக்கத்தில இருந்து, இல்லையடா அந்த இடத்தில மழை வெள்ளம் வந்தது, அப்ப மார்கழி, உன்ர சித்தப்பா போனது அதுக்குப் பிறகு, அப்ப மாசி எண்டு ஒவ்வொரு சாவையும் வச்சுத்தான் மாசம் கண்டுபிடிச்சவ. கலியாணம் பேசேக்கயும் பிறகும் இவர் எனக்குச் சொல்லாத கதையள் எல்லாம் அந்தத் தாளாலதான் எனக்குத் தெரிய வந்தது. இடையில எழும்பிப் போயிடுவார், நானும் திருப்பி எடுக்கமாட்டன், அடுத்த நாள் பாப்பம் எண்டு விட்டிடுவன்.

விலாசம் இல்லாத இடத்துக்கு “இடம்பெயர்ந்து தற்காலிகக் கொட்டில்” எண்டு எழுதி ஊர்ப் பேரைப் போட்டம், திகதி தெரியாத இடத்தில அண்ணளவா எண்டு போட்டம். சும்மா ஒரு நம்பர் போடுங்கோ, ஆர் பாக்கப் போறான் எண்டு ஒருத்தர் சொன்னவர், நாங்கள் கேக்கேல்ல. வேற போர்மில, வேற நேர்முகத்தில அதே திகதியைக் கேட்டால் பொய்த் திகதி ஞாபகம் இருக்காது. அதோட அந்தக் காலத்தைப் பற்றிப் பொய் எழுத எங்களுக்கு மனம் வரேல்ல. முகாமில குடுத்த குடும்ப அட்டையின்ர கொப்பி மாமி வைச்சிருந்தவ, அதையும் கிராம சேவகரின்ர கடிதத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்போட போட்டு போர்ட்டல்ல அனுப்பினம்.

இவரை வேலையை விடச்சொல்லி எல்லாரும் நெருக்கினவை, இண்டைக்கோ நாளைக்கோ விசா வரப்போகுது எண்டு. நான் விடவேண்டாம் எண்டு நிண்டன். அது பெரிய உதவி. இஞ்ச காத்திருக்கிற எனக்கு வேலை, பஸ், சாப்பாடு எண்டு நாள் போயிடும், அங்க கனடாக்காரி மாப்பிள்ளை எண்டு பேரை வச்சுக்கொண்டு வேலையும் இல்லாமல் வீட்டில இருக்கிறது ஒரு ஆம்பிளையை உடைச்சுப்போடும். நான் சமாளிக்கிறதுக்கு வச்சுக்கொண்ட ஒழுங்கு, விசாக் கதை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், மற்ற நாள் போன் எடுத்தால் வேற கதைக்கவேணும். முதல் கஷ்டமா இருந்தது, பிறகுதான் நாங்கள் மனுசன் மனுசி மாதிரிக் கதைக்கத் தொடங்கினம்.

எங்கட தொகுதி எம்பியின்ர ஒபிசுக்குப் போகேக்க நோட்ஸையும் கொண்டு போனன். ஏன் லேற் எண்டு பொதுவாக் கேக்காமல், செக்கியூரிட்டிக்கு எப்ப அனுப்பினது, எங்களிட்ட இன்னும் ஏதும் பேப்பர் வேணுமோ எண்டு கேட்டுத்தாங்கோ எண்டன். அந்தப் பிள்ளை வடிவாக் கேட்டு எழுதி அனுப்பினவ. லோயர் ஒருத்தரிட்டயும் கதைச்சம், நியாயமில்லாமல் இழுபட்டால் ஃபெடரல் கோர்ட்டில மண்டேமஸ், எண்டால் பைலில முடிவெடுங்கோ எண்டு கோர்ட் போடுற கட்டளை, கேக்கலாம், பிழை எங்கட பக்கம் இல்லை எண்டு காட்டவேணும் எண்டு சொன்னார். அதுக்காக அனுப்பின ஒவ்வொரு கடிதமும், எப்ப அனுப்பினது எண்டதும் ஒரு போல்டரில போட்டு வச்சன்.

கோர்ட்டுக்குப் போகத் தேவை வரேல்ல. மெடிக்கல் 12 மாசம் முடிஞ்சு போனதால திருப்பிச் செய்யச்சொல்லி வந்தது, இவர் இரவு பஸ்ஸில கொழும்பு போய்ச் செய்திட்டு வந்தார், அதுக்குப் பிறகு பாஸ்போர்ட் அனுப்பச்சொல்லி ஈமெயில் வந்திட்டுது. மெடிக்கல் திருப்பிக் கேட்டால் காசு போச்சு எண்டு கவலைப்படாதேங்கோ, பைலை ஆரோ கையில எடுத்திருக்கினம் எண்டு நான் அதை எடுத்துக்கொண்டன்.

வன்னியில இருந்து ஆரையும் கூப்பிடப் போறவை, கடிதம் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காமல் அந்த இடங்களின்ர பேரையும் மாசத்தையும் வீட்டில வயசான ஆக்களோட இருந்து இப்பவே எழுதி வையுங்கோ. மாமிக்கு இப்ப ஞாபகம் குறைஞ்சுகொண்டு வருது, இண்டைக்குக் கேட்டால் அந்த மாசங்களை அவவால சொல்ல ஏலாது.